நெவென்காவின் பெயர்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் கடைசியில் நெவென்கா பலெர்மோவில் வந்து இறங்கினாள். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. சாவா ஆற்றங்கரையில் இருந்த அவளுடைய சிற்றூரில் சண்டை தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் யூகோஸ்லாவியா என்று அவள் வரைந்து பழகிய நாடு துண்டு துண்டாகிக்கொண்டிருந்தது. அவள் வேலை செய்த சட்டைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். தாய் ஸ்தானாவை நோவிசாத் நகரத்தில் ஒரு சொந்தக்காரி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். சிசிலியில் வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த பள்ளித் தோழி ஒருத்தியை நம்பிப் புறப்பட்டு வந்துவிட்டாள்.

தோழி பிடித்துக் கொடுத்த வேலை லிபெர்த்தா வீதியில், ஒரு பெரிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலியோடு இருந்த அகஸ்ரீனா என்ற விதவையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் அகஸ்ரீனா பெயரைக் கேட்டாள். இவள் சொன்னாள்.

"நேவே," என்றாள் அகஸ்ரீனா, முகம் மலர்ந்து.

இத்தாலிய மொழியில் நேவே என்றால் பனி. பனி கொட்டுகிற நாட்டிலிருந்து வந்த வெளிறிய பெண்ணுக்குப் பெயரும் பனி என்றால் யாருக்குத்தான் பொருத்தமாகத் தோன்றாது? அகஸ்ரீனாவோடு படித்த ஒருத்தியின் பெயர் நீவெஸ். அதற்கும் பனி என்றுதான் பொருள். அன்றிலிருந்து அந்த வீட்டில் இவள் நீவெஸ் ஆனாள். கீழ்மாடிக் காவல்காரனுக்கும், மருந்துக் கடைக்காரருக்கும், மாலையில் சீட்டாட வருகிற கிழவிகளுக்கும் அவள் நீவெஸ்தான். மறுத்துச் சொல்ல அப்போது அவளிடம் மொழி இல்லை. மொழி வந்தபோது, சொல்வதற்கு நேரம் கடந்துவிட்டதாகத் தோன்றியது. வேலைக்குப் போகும்போது மாட்டிக்கொள்கிற மேலங்கி மாதிரி அந்தப் பெயரை மாட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிடலாம்.

வீடு என்பது போர்கோ வெக்கியோவில் ஓர் அறை. சந்தைக்குப் பின்னால், மீன்காரனின் கடைக்கு மேலே. அதே படிக்கட்டில் எங்கள் யாழ்ப்பாணச் சனம் இரண்டு குடும்பம் இருந்தது. அதில் ஒன்று பத்மநாதன், ஞானம்பிகை குடும்பம். ஞானம்பிகை பொலிதேயாமாப் பக்கம் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு வரும்போது படியில் இவளைக் காண்பாள். முதலில் தலையசைப்பு, பிறகு ஒரு கோப்பை தேத்தண்ணீர், பிறகு கதை. நல்ல சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். ஆனால் ஞானம்பிகையும் அவளை நேவே என்றுதான் கூப்பிட்டாள். அகஸ்ரீனா ஒரு தடவை விளையாட்டாக அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டது.

மகேந்திரராசாவை அவள் சந்தித்தது லிபெர்த்தாவின் வீதியோரப் பூங்காவில். அவன் காரைநகர்க்காரன். எண்பத்தெட்டில் வந்தவன். கப்பல் முகவரிடம் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற கிறிகோரி என்பவரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கிறிகோரியும் சக்கர நாற்காலிதான். வெயில் இதமாக இருக்கிற முற்பகல்களில் இரண்டு நாற்காலிகளும் ஒரே வாங்குக்கு இரண்டு பக்கமும் வந்து நிற்கும். கிறிகோரியும் அகஸ்ரீனாவும் நகராட்சியைத் திட்டுவார்கள். தள்ளிக்கொண்டு வந்தவர்கள் இருவரும் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு எல்லாம் இத்தாலிய மொழியில். இரண்டு பேருக்கும் அது இரவல் மொழி என்பதால் ஒருவருடைய பிழை மற்றவருக்குத் தெரியாது.

தொண்ணூற்றைந்தின் தைமாதத்தில் ஒரு நாள் அவள் அவனுடைய கைகளைப் பார்த்தாள். தரை துடைக்கிற காரத் தண்ணீரில் நனைந்து நனைந்து விரல் மடிப்புகள் எல்லாம் வெடித்திருந்தன. அடுத்த தடவை வரும்போது ஒரு சிறிய கண்ணாடிச் சீசாவில் மஞ்சள் நிறக் களிம்பு கொண்டுவந்தாள். ஒலிவெண்ணெயில் பூவிதழைப் போட்டு மெல்லிய சூட்டில் வைத்து, வடித்து, தேன்மெழுகு சேர்த்தது.

"என்ன பூ?" என்று கேட்டான்.

அவள் எழுந்து போய், பூங்கா வேலியோரம் புல்லுக்குள் பூத்திருந்த ஒன்றைப் பறித்து வந்தாள். செம்மஞ்சள் நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவு. எங்கள் செவ்வந்திக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது.

"இங்கே இது காட்டுப்பூ, சிறியது. எங்கள் தோட்டத்தில் பெரிதாகப் பூக்கும். எங்கள் மொழியில் நெவென். என் பெயர் இதுதான்."

"உங்கள் பெயர் பனி இல்லையா?"

"பனிக்கு எங்கள் மொழியில் வேறு சொல். அது என் பெயரோடு ஒட்டவே ஒட்டாது." அவள் விரலால் பூவைத் திருப்பினாள். "நெ என்றால் இல்லை. வென் என்பது வாடுகிறதைச் சொல்லும் பழைய சொல்லிலிருந்து வந்தது. வாடாதது. பறித்துப் போட்டாலும் இது சுலபத்தில் வாடாது, அதனால் அந்தப் பெயர். கடைசியில் வருகிற கா செல்லத்துக்கு."

மகேந்திரராசா அந்தப் பூவைக் கையில் வாங்கிப் பார்த்தான். பிறகு, தன் ஊரிலும் ஒரு பூ இருக்கிறது, ஊதா நிறம், அதற்கும் வாடாமல்லி என்றுதான் பெயர் என்று சொன்னான். "வாடா என்றால் வாடாதது. உங்கள் மொழியில் இல்லை என்பது முன்னால் வருகிறது. எங்களுக்கு அது சொல்லின் வாலில் இருக்கும்."

"வாடா," என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

அவன் சிரித்துவிட்டான். அதே சொல்லை ஓர் ஆணைப் பார்த்துச் சொன்னால், இங்கே வாடா என்று உரிமையோடு கூப்பிடுவது என்று விளக்கினான். அதன்பிறகு பூங்கா வாசலில் அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தால் அவள் வாங்கிலிருந்தே, "வாடா," என்பாள். ஒரு தடவை ஞானம்பிகை கூட வந்திருந்தபோது அதைக் கேட்டுவிட்டுத் திகைத்துப் போனாள்.

இன்னொரு நாள் நெவென்கா, தங்கள் பக்கத்துப் பெண்கள் முற்காலத்தில் செய்த ஒன்றைச் சொன்னாள். மனதுக்குப் பிடித்தவன் நடந்துபோன காலடி மண்ணை எடுத்து, சட்டியில் போட்டு, அதில் நெவென் நடுவார்களாம். அன்பும் வாடாமல் இருக்கும் என்று. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மகேந்திரராசா குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். பூங்காவில் அந்த இடம் முழுக்கச் சீமெந்து போட்டிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. கிறிகோரி திரும்பிப் பார்த்து, "என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

தொண்ணூற்றாறில் கலியாணம் செய்வது என்று முடிவெடுத்தார்கள். முதலில் நகராட்சியில் பதிவு, அடுத்த ஞாயிறு எங்கள் முறைப்படி தாலிகட்டு. மகேந்திரராசாவுக்கு இந்த ஊரில் சொந்தக்காரர் இல்லை. அதனால் பத்மநாதன் தமையன் முறையில் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டார். மண்டபம், ஐயர், சமையல், வெற்றிலை, எல்லாம் அவர்தான். கலியாண அழைப்பிதழைப் பாரிசில் இருக்கிற தன் மச்சானிடம் சொல்லி அச்சடிப்பித்தார். அங்கே நல்ல தமிழ் அச்சகம் உண்டு.

ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் கட்டு வந்து சேர்ந்தது. பாதியை எடுத்துக்கொண்டு பத்மநாதன் உடனே வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்பினார். ஞானம்பிகை இருவரையும் கூப்பிட்டுக் கோப்பி போட்டுக் கொடுத்தாள். சிவப்பு மட்டையில் தங்க எழுத்து, மேலே பிள்ளையார். உண்மையில் அழகான அழைப்பிதழ். ஞானம்பிகை அதைக் கையில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து நெவென்காவுக்கு வாசித்துக் காட்டினாள். மாப்பிள்ளை பெயர் வந்தது. அடுத்தது, திருநிறைச்செல்வி பனிமலர்.

"அது யார்?" என்று நெவென்கா கேட்டாள்.

"நீதான். பனி என்றால் நேவே. மலர் என்றால் பூ. தமிழில் இதைவிட வடிவான பெயர் இல்லை."

நெவென்கா கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தாள். மகேந்திரராசாவைப் பார்த்தாள். சில மாதங்களுக்கு முன்பு பத்மநாதன், பெண்ணுக்கு ஒரு தமிழ்ப் பெயர் போடலாமா என்று கேட்டபோது, "நீங்களே பாத்துப் போடுங்கோ அண்ணை," என்று வேலை அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனவன் அவன்தான். பிறகு அதை நினைக்கவே இல்லை.

"என் பெயர் பனி இல்லை," என்றாள் நெவென்கா. குரல் உயரவில்லை. "எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிறந்தார்கள். இரண்டும் பால்குடி மறக்கும் முன்பே போய்விட்டன. நான் பிறந்தபோது, இதாவது வாடாமல் இருக்கட்டும் என்று இந்தப் பெயரை வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சொல்லிக் கொடுத்தாளாம், இந்தப் பெயர் வைத்தால் பிள்ளை நிற்கும் என்று."

ஞானம்பிகை அழைப்பிதழை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருசமாக எல்லாரும் நேவே, நீவெஸ் என்று கூப்பிட்டபோது நீ ஒன்றும் சொல்லவில்லையே," என்றாள் மெதுவாக.

"வேலைக்கு அந்தப் பெயர் போதும். கலியாணத்துக்குப் போதாது. அம்மாவால் வர முடியாது, ஞானம். கடவுச்சீட்டு இல்லை. நான் அவளுக்கு இந்த அழைப்பிதழை அனுப்புவேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தொலைபேசியில் கேட்பாள், இதில் உன் பெயர் எங்கே இருக்கிறது, எத்தனையாவது வரி என்று. நான் என்ன சொல்வேன்?"

அவள் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. கோப்பியைக் குடித்து முடித்தாள், கோப்பையைக் கழுவி வைத்தாள், பிறகுதான் தன் அறைக்குப் போனாள். மகேந்திரராசா பின்னாலேயே போனான். படியில் நின்று அவளிடம் என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது.

பத்மநாதன் வீட்டுக்கு வந்ததும் ஞானம்பிகை நடந்ததைச் சொன்னாள். அவருக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

"சனம் வாசிக்க ஒரு தமிழ்ப் பேர் இருந்தா நல்லது எண்டுதானே போட்டனான். அரைவாசிக் காட் குடுத்தும் போட்டன். இப்ப என்ன செய்யிறது?"

"நீங்கள் நல்லதுக்குத்தான் போட்டியள். அவளைக் கேட்டிருக்கலாம். நானும் கேக்கேல்லை."

"பேரிலை என்ன கிடக்கு ஞானம்? கூப்பிடுறதுக்குத்தானே."

"வேலையிடத்திலை உங்கடை பேர் வாயிலை வராமல் சினியோர் பீனோ எண்டு கூப்பிடேக்கை வந்து என்னட்டைப் புறுபுறுக்கிறியளே," என்றாள் ஞானம்பிகை. "அது கூப்பிடுறதுக்குத்தானே."

பத்மநாதன் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் ஞாயிறு. மகேந்திரராசாவின் தாய் தையல்நாயகி அப்போது யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு சிறிய அறையில் இருந்தாள். ஞாயிறு மத்தியானம் அவள் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்கு வந்து காத்திருப்பாள். மகேந்திரராசா நெவென்காவையும் கூட்டிக்கொண்டு துறைமுகப் பக்கத்துத் தொலைபேசி நிலையத்துக்குப் போனான். அந்தப் பலகைக் கூண்டுக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

தாய்க்கு இந்தக் கலியாணத்தில் அவ்வளவு சந்தோசம் இல்லை. மறுக்கவும் இல்லை. அன்றைக்கும் அவள் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

"பெட்டையின்ரை பேர் பனி எண்டு பத்மநாதன் எழுதினவர். பனி எண்டா வெயில் பட்ட உடனை போறதல்லோ, தம்பி. வாழ வாற பிள்ளைக்கு ஏன் அப்பிடி ஒரு பேர்?"

"அது பிழை அம்மா. அவளின்ரை பேர் பனி இல்லை. நெவென்கா. அது ஒரு பூ. வாடாதது எண்டு கருத்து."

"ஏன் அப்பிடி வைச்சவை?"

அவன் சொன்னான். முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளையும், பக்கத்து வீட்டுக்காரி சொன்னதையும் சொன்னான். மறுமுனையில் சத்தம் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து, "அம்மா," என்று இரண்டு தரம் கூப்பிட்டான்.

"இருக்கிறன்," என்றாள் தையல்நாயகி. "உனக்கு முன்னாலை எனக்கும் ஒண்டு தவறினது. உனக்குச் சொல்லியிருக்கிறன் தானே. நீ பிறந்தவுடனை உன்னைப் பொன்னுத்துரையற்றை மனிசியிட்டைக் குடுத்திட்டு, ஒரு கொத்துத் தவிடு குடுத்துத் திருப்பி வாங்கினனான். பிறத்தியார் பிள்ளை எண்டு நினைச்சா யமன் வரமாட்டானாம். அஞ்சு வயது மட்டும் உன்னைத் தவிடன் எண்டுதான் கூப்பிட்டவை."

"ஓம் அம்மா."

"அவளின்ரை தாய்க்கு என்ன பேர்?"

அவன் திரும்பி நெவென்காவிடம் கேட்டான். "ஸ்தானா," என்றாள். பிறகு சிரித்துக்கொண்டு, அதற்கு நில் என்று பொருள் என்றாள். வரிசையாகப் பெண் பிள்ளைகள் பிறந்த வீட்டில், போதும், இதோடு நிற்கட்டும் என்று வைக்கிற பெயர். அவளுடைய தாய் நாலாவது பெண்.

மகேந்திரராசா அதை அப்படியே தமிழில் சொன்னான். தையல்நாயகி சிரிக்கிற சத்தம் கூண்டுக்கு வெளியே வரைக்கும் கேட்டது. அவன் கனகாலமாக அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை.

"நிண்டதோ பிறகு?" என்று கேட்டாள்.

"இல்லையாம். இன்னும் ரெண்டு பெட்டையள் பிறந்ததாம்."

"பிள்ளையிட்டைக் குடு."

நெவென்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் தையல்நாயகி அவளுடைய பெயரைச் சொன்னாள். முதலில் நெவங்கா, பிறகு நெவெங்கா, கடைசியில் சரியாக. நெவென்காவுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவு இல்லை. "ஓம்," என்றாள். "ஓம் அம்மா."

அதற்கு அடுத்த ஞாயிறு பத்மநாதன் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். பாரிசுக்கு மறுபடி சொல்லி அச்சடிக்க நாள் போதாது. அதனால் ஞானம்பிகை ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நெவென்கா என்று ஒரு தாள் நிறைய எழுதி, அதைச் சிவப்புத் தாளில் படப்பிரதி எடுத்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, பழைய பெயரின் மேல் ஒட்டுவது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவர் பத்மநாதன். ஒரு பக்கம் கூடக் கோணாமல் வெட்டினார். மகேந்திரராசா பசை தடவினான்.

நெவென்கா தன் பெயரை எழுதப் பழகினாள். "நெ" எழுத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"சத்தத்தில் ந தானே முதலில் வருகிறது. பிறகு ஏன் இந்தக் கொம்பு முன்னால் நிற்கிறது?"

இவ்வளவு காலமும் எழுதியும் ஞானம்பிகை அதை ஒரு கேள்வியாக நினைத்ததில்லை. "அது அப்பிடித்தான்," என்று தமிழில் சொன்னாள். நெவென்கா அதையும் திருப்பிச் சொன்னாள். "அது அப்பிடித்தான்."

ஏற்கெனவே கொடுத்த அழைப்பிதழ்களுக்குப் பத்மநாதன் தானே போனார். போர்கோ வெக்கியோவின் ஒவ்வொரு படியாக ஏறி, "பேர் மாறிப் போச்சு, என்ரை பிழை," என்று சொல்லி ஒரு துண்டும் ஒரு பொட்டுப் பசையும் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் ஒட்டியது கொஞ்சம் சரிந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வாங்கித் தானே சரியாக ஒட்டித் தந்துவிட்டுத்தான் போனார்.

நகராட்சிப் பதிவுக்கு அகஸ்ரீனாவும் வந்தாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அவளுடைய மருமகள் எமிலியானா. அதிகாரி மணமகளின் பெயரை வாசித்தபோது அகஸ்ரீனா எமிலியானாவின் கையைத் தட்டி, யாரைச் சொல்கிறார் என்று கேட்டாள். வெளியே வந்ததும் நெவென்காவிடம், "அப்படியானால் நீ நீவெஸ் இல்லையா?" என்றாள். நெவென்கா குந்தியிருந்து, வாடாத பூவின் பெயர் அது என்று விளக்கினாள். கிழவி இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். ஒரு வாரம் கவனமாக நெவென்கா என்று கூப்பிட்டாள். பிறகு மறந்து நீவெஸுக்கே போய்விட்டாள். இடையிடையே ஞாபகம் வந்தால் திருத்திக்கொள்வாள். நெவென்கா இரண்டுக்கும் "வருகிறேன் சினியோரா," என்றுதான் சொன்னாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

தாலிகட்டு நடந்தது பாடசாலை ஒன்றின் விளையாட்டு மண்டபத்தில். கூடைப்பந்து வளையத்தில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தோம். மணப்பெண் கூறைச்சேலையில் தடுமாறாமல் நடந்தாள். ஞானம்பிகை முதல் நாளே பழக்கியிருந்தாள். ஐயர் பெயர் சொல்லுகிற இடத்தில் ஒரு தரம் தடக்கி, மெல்ல மகேந்திரராசாவின் பக்கம் சாய்ந்து கேட்டு, இரண்டாம் முறை மந்திரத்தோடு சேர்த்துப் பிசகாமல் சொன்னார். கிறிகோரி முன் வரிசையில் இருந்து நாதஸ்வர ஒலிநாடாவுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பந்தியில் நெவென்காவின் பள்ளித் தோழி ரசத்தைக் குடித்துவிட்டுக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டது எல்லாருக்கும் நினைவில் இருக்கும்.

தொண்ணூற்றெட்டின் தொடக்கத்தில் அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பெயர் வைக்கிற உரிமையைத் தையல்நாயகிக்கே விட்டார்கள். அவள் கோயிலில் நட்சத்திர எழுத்துக் கேட்டு, சுலக்சனா என்று சொல்லி அனுப்பினாள். நெவென்கா பொருளைக் கேட்டு, ஞானம்பிகையிடமும் ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் பதிவாளரிடம் போனாள்.

அந்தக் கோடையில் ஸ்தானாவுக்குக் கடைசியில் கடவுச்சீட்டுக் கிடைத்தது. பேருந்திலும் கப்பலிலுமாக இத்தாலியின் பாரித் துறைமுகம் வரை வந்து, அங்கிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். கறுப்புத் துணியைத் தலையில் கட்டிய, மகளைவிட உயரமான மனுசி. மகேந்திரராசா பையை வாங்கப் போனபோது, அதை விடாமல், முதலில் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

ஒரு மாதம் என்று வந்தவள் தங்கிவிட்டாள். நெவென்கா வேலைக்குப் போகிற நேரங்களில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தைக்கு இறங்குவாள். இத்தாலிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. கத்தரிக்காயைக் கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவாள். சந்தைக்காரர்கள் பெரும் சத்தத்தோடு அவளைத் திருப்பிக் கூப்பிடுவார்கள். அவள் திரும்ப மாட்டாள். மாலையில் நெவென்கா வரும்போது சோளமாப் பணியாரம் அடுப்பில் இருக்கும். சில நாட்களில் ஞானம்பிகையும் வந்து, அதை மிளகாய்ச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டுப் போவாள்.